இணையத் தொலைபேசியில் வாயிற்காவலரும் நுழைவாயிலும்

சாதாரணத் தொலைபேசியில் இருவர் பேசும்பொழுது, அவ்விருவருக்கென்றே ஒரு வழி ஒதுக்கப்படுகிறது. பழைய இணைப்பகங்களில் அவ்வழி ஒரு ஜோடிச் செப்புக் கம்பியாகவே இருந்தது. பிற்காலத்தில் அது எண்முறைத் தடத்தில் ஒரு காலக்கூறாக மாறியது. எவ்வாறாயினும், பேச்சு முடியும் வரையில் அவ்வழியை வேறொருவர் உபயோகிக்க இயலாது. இந்தியாவில் இணைப்பகங்களுக்கிடையே வழங்கிவந்த தடம் ஒன்றில் வினாடிக்கு 20,48,000 பிட்டுகள் செல்லும். அது 32 கூறுகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் 30 கூறுகள் பேச்சுக்கு உரியன. முப்பது பேர் பேசிக்கொண்டிருக்கையில் முப்பத்தோராவது நபர் அழைப்பாராயின், அவருக்கு வழி இல்லை என்பதை அறிவிக்கும் ஒலியே கிடைக்கும். அவர் ஏமாற்றமடைவார் என்பது உண்மையே. ஆனால் பேசிக்கொண்டிருக்கும் முப்பது பேருக்கும் யாதோர் இடையூறும் நேராது.

இணையத் தொலைபேசியில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு எவருக்கும் தனி வழி கிடையாது. பேசுவோரின் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்குரிய சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின்மீதும் அனுப்புவோர் விலாசமும் பெறுவோர் விலாசமும் எழுதப்பட்டு, அது ஒரு பொதியாக அனுப்பப்படுகிறது. ஆக, பேசுபவர் ஒருவரிடமிருந்து வினாடிக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. அதே தடத்தில் கடிதங்களும் படங்களும் கணக்குப் பட்டியல்களும் இவ்வாறே பொதிகளாகச் சென்றுகொண்டிருக்கும். தடம் நிறைந்துவிட்டது, இனி இடமில்லை என்று புதிதாக வருபவருக்குச் சொல்லும் சக்தி அத்தடத்திற்கு இயற்கையில் இல்லை. வந்ததை வரிசையில் நிறுத்தும். வரிசை நீண்டால், மிஞ்சியதைக் கீழே போட்டுவிடும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பு அத்தீவுகள் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அக்காலத்தில் போர்ட் பிளேரில் தலைமை அலுவலகமும் கார் நிக்கோபாரில் கிளை அலுவலகமும் உடைய ஓர் இலாகா இருந்ததாக வைத்துக்கொள்க. (போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) இரு அலுவலகங்களுக்கும் இடையே ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 512 கிலோபிட் செல்லக்கூடிய செயற்கைக்கோள் வழி இருந்ததாகவும் வைத்துக்கொள்க. குரலைச் சுருக்கி வினாடிக்கு 8 கிலோபிட்டில் அடக்கும் ஜி.729 என்னும் குறியீட்டு முறை கையாளப்படுகிறது. அம்முறையில் ஒரு பொதியில் அடங்கும் குரல் 20 பைட்டு மட்டுமே. ஆனால் அதன்மீது எழுதப்படும் விலாசம் முதலிய தலைப்புக் குறிப்புகள் 40 பைட்டு ஆகும். கடிதத்தைக் காட்டிலும் உறை இரு மடங்கு கனமானது என்பது விந்தையே. எனவே ஒரு பேச்சு ஒரு திசையில் உண்மையில் எடுத்துக்கொள்ளும் அளவு வினாடிக்கு 24 கிலோபிட்.

வேறு போக்குவரத்து எதுவும் இல்லை என்றே கொண்டாலும், 21 பேச்சுகளுக்கு 504 கிலோபிட் செலவாகும். இருபத்திரண்டாவது நபர் தொலைபேசியை எடுத்துப் பேசத் தொடங்குகிறார். தேவை 528 ஆகிறது. தடத்தில் செல்லக்கூடியது 512 மட்டுமே. மிஞ்சிய 16 கிலோபிட் எங்கேனும் விழத்தான் வேண்டும். அது இருபத்திரண்டாமவரின் குரலாக மட்டும் இராது. இருபத்திருவர் குரலிலிருந்தும் நூற்றுக்கு மூன்று பொதிகள் வீதம் இழக்கப்படும். அவ்வாறு விழாத பொதிகளும் நீண்ட வரிசையில் காத்திருந்து தாமதமாகவே சென்று சேரும். சொற்களின் நடுவே எழுத்துகள் உதிரும். புயல் எச்சரிக்கையைப் படித்துச் சொல்லும் சிப்பந்தியின் வாயிலிருந்து வரும் "நாற்பது", மறுமுனையில் "நூற்பது" போலவோ "அறுபது" போலவோ கேட்கக்கூடும். இத்தனைக்கும் காரணமான கடைசி நபருக்குத் தாம் காரணம் என்பது தெரியாது.

ஆகவே, இயற்கையில் இல்லாத அந்த எண்ணிக்கையை எவரேனும் வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கென ஏற்பட்டவரே வாயிற்காவலர்.

பெயர்களைப் பற்றி

பொறியாளர்கள் கேட்கீப்பர் என்று வழங்குவது இங்கு வாயிற்காவலர் என்றும், கேட்வே என்று வழங்குவது நுழைவாயில் என்றும் குறிக்கப்படுகின்றன. வாயிற்காவலர் ஓர் ஆள் அல்லர். ஒரு கணினியில் இயங்கும் செயல்நிரலே ஆவார். ஆயினும் செய்யும் வேலை ஓர் உத்தியோகஸ்தரின் வேலையாதலால், ஆளாகவே கருதி எழுதுவது விளக்கத்திற்கு எளிதாகும்.

இரு பெயர்களையும் சேர்த்துக் கேட்போருக்கு, நுழைவாயிலில் நின்று காவல் புரிபவரே வாயிற்காவலர் என்று தோன்றும். அது சரியன்று. இருப்புப்பாதைக் கடவில் கதவைத் திறந்து மூடும் கேட் கீப்பரை இவருக்கு ஒப்பிடுவதைவிட, இரு நிலையங்களுக்கிடையே ரயில் செல்வதற்கு வழங்கப்படும் 'லைன் கிளியர்' முறையை ஒப்பிடுவதே பொருந்தும். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் பெறாமல் நிலைய அதிகாரி வண்டியை அனுப்பமாட்டார். லைன் கிளியர் கொடுப்பவர் வண்டியில் ஏறுவதில்லை. வண்டியும் அவர் அறைக்குள் நுழைவதில்லை. அவ்வாறே இணையத் தொலைபேசியில் பேசுவோரின் குரல் வாயிற்காவலர் வழியாகச் செல்வது வழக்கமன்று. அது ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்கு நேராகவே செல்கிறது. வாயிற்காவலர் அனுமதி தருகிறார், விலாசம் சொல்கிறார், கணக்கு வைக்கிறார், அவ்வளவே.

இவ்வேற்பாட்டை வகுத்தது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.323 என்னும் விதித்தொகுப்பாகும். அதன் முதற் பதிப்பு ஒரே கட்டடத்திற்குள் அமைந்த வலைப்பின்னல்களையே கருதி எழுதப்பட்டது. சேவைத் தரத்திற்கு உத்தரவாதம் இல்லாத வலைப்பின்னல்களுக்கானது என்று அப்பதிப்பின் தலைப்பே ஒப்புக்கொண்டது. விதித்தொகுப்புகளில் இத்தகைய வெளிப்படையான பேச்சு அரிது. 1998-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அந்த வரையறை நீக்கப்பட்டு, தொலைதூர வலைப்பின்னல்களுக்கும் அது உரியதாயிற்று.

ஓர் அழைப்பு நடைபெறும் விதம்

ஒரு வாயிற்காவலரின் பொறுப்பில் உள்ள தொலைபேசிகளும் நுழைவாயில்களும் சேர்ந்து ஒரு மண்டலம் எனப்படும். ஒரு மண்டலத்திற்கு ஒரு சமயத்தில் வாயிற்காவலர் ஒருவரே. ஒரு தொலைபேசிக் கருவி மின்சாரம் பெற்றவுடன், தன் மண்டலத்து வாயிற்காவலர் யார் என்பதை அறிந்தாக வேண்டும். அவர் விலாசத்தைக் கருவியில் முன்னரே எழுதி வைக்கலாம். அல்லது கருவியே வலைப்பின்னல் முழுவதும் கேட்கும்படி வினவி அறியலாம். அறிந்தபின் அது அவரிடம் பதிவு செய்துகொள்கிறது. "என் இலக்கம் 2107, என் இணைய விலாசம் இது" என்பதே அப்பதிவின் சாரம். இலக்கம் மாறுவதில்லை, ஆனால் இணைய விலாசம் அடிக்கடி மாறக்கூடும். இவ்விரண்டையும் இணைத்து வைத்திருக்கும் ஏடு வாயிற்காவலரிடம் இருப்பதால், பேசுவோர் இலக்கத்தை மட்டும் அறிந்திருந்தால் போதுமானது. இப்பதிவுக்குக் காலவரம்பு விதிக்க முடியும். வரம்புக்குள் கருவி மறுபடியும் தன் இருப்பை அறிவிக்காவிடில், ஏட்டிலிருந்து அதன் பெயர் அடிக்கப்படும்.

இனி, 2107-இல் உள்ளவர் 3114-ஐ அழைக்கிறார் என்க. கருவி உடனே 3114-ஐத் தேடிச் செல்வதில்லை. முதலில் வாயிற்காவலருக்கு ஓர் அனுமதிக் கோரிக்கை அனுப்புகிறது. யாரை அழைக்க வேண்டும், எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்னும் இரண்டும் அக்கோரிக்கையில் அடங்கும். வாயிற்காவலர் தம் கணக்கைப் பார்க்கிறார். இடம் இருந்தால் அனுமதியும், அழைப்பை எங்கே அனுப்ப வேண்டும் என்ற விலாசமும் தருகிறார். கேட்டதைவிடக் குறைந்த கொள்ளளவுக்கு அனுமதி தருவதும் உண்டு. அப்பொழுது கருவி அதற்குள் அடங்கும் குறியீட்டு முறையையே கையாள வேண்டும். இடம் இல்லையாயின் காரணத்துடன் மறுக்கிறார். பெறும் கருவியும் அழைப்பை ஏற்குமுன் இதே போன்று அனுமதி கேட்டாக வேண்டும்.

அனுமதி கிடைத்தபின் அழைப்புச் சைகைகள் செல்கின்றன. மறுமுனையில் மணி ஒலிக்கிறது. பின்னர் இரு கருவிகளும் தமக்குத் தெரிந்த குறியீட்டு முறைகளை ஒன்றுக்கொன்று அறிவித்து, பொதுவான ஒன்றைத் தெரிந்துகொள்கின்றன. அதன்பின்னரே குரல் செல்லத் தொடங்குகிறது. பேச்சு முடிந்ததும் இரு கருவிகளும் வாயிற்காவலருக்கு அறிவிக்க வேண்டும். அவர் அந்த இடத்தைக் கணக்கில் மீண்டும் வரவு வைப்பார். மின்சாரம் தடைப்பட்டுக் கருவி அறிவிக்காமலே மறைந்துவிட்டால், முடிந்த பேச்சு கணக்கில் முடியாமலே நிற்கும். இதற்காகவே வாயிற்காவலர் அவ்வப்போது "இன்னும் பேசுகிறீர்களா?" என்று வினவும் ஏற்பாடும் உண்டு.

3114 வேறொரு மண்டலத்தைச் சேர்ந்ததாயின், முதல் வாயிற்காவலர் அண்டை மண்டலத்து வாயிற்காவலரிடம் இடம் விசாரித்து, வந்த பதிலைக் கருவிக்குத் தெரிவிப்பார். ஊழியர்கள் ஒரு விஷயத்தை நினைவில் கொள்வது நலம். பதிவும் அனுமதியும் 1719 என்னும் துறை எண் வழியாகவும், அழைப்புச் சைகைகள் 1720 வழியாகவும் செல்கின்றன. ஃபயர்வால் எனப்படும் காப்பு அமைப்பில் இவை அடைபட்டிருந்தால் மணி ஒலிக்காது. இவை திறந்திருந்து, குரலுக்குரிய துறைகள் மட்டும் அடைபட்டிருந்தால், மணி ஒலிக்கும், மறுமுனையில் எடுப்பார்கள், பேச்சு மட்டும் கேளாது.

அனுமதிக் கணக்கில் ஒரு கண்ணி

கொள்ளளவுக் கோரிக்கை எழுதப்படும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை அறியாதோர் நல்ல எண்ணத்துடனேயே ஒரு மண்டலத்தைக் கெடுத்துவிடக் கூடும். எச்.323 முறையில் கொள்ளளவு 100 பிட்டு கொண்ட அலகுகளில் கேட்கப்படுகிறது. இரு திசைகளும் சேர்த்துக் கூட்டப்படுகின்றன. ஆனால் குரலின் அளவு மட்டுமே கேட்கப்படுகிறது. மேலே குறிப்பிட்ட 40 பைட்டு உறை அதில் சேர்வதில்லை. ஆகவே வினாடிக்கு 8 கிலோபிட் பேச்சு ஒன்றுக்குக் கருவி கேட்பது 160 அலகுகளே.

கார் நிக்கோபார் வழியின் கொள்ளளவு ஒரு திசைக்கு 512 கிலோபிட்; இரு திசைக்கும் 10,240 அலகுகள். பொறுப்பாளர் இந்த எண்ணையே வரம்பாக எழுதிவைத்தால், வாயிற்காவலர் 10,240-ஐ 160-ஆல் வகுத்து, 64 பேச்சுகள் வரை அனுமதி கொடுத்துக்கொண்டே இருப்பார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் 64 பேச்சுகளுக்கு உண்மையில் வேண்டுவது ஒரு திசைக்கு 1,536 கிலோபிட். அதாவது வழியின் அளவைப் போல் மூன்று மடங்கு. காவலர் விழிப்புடன் இருந்தும், காவல் இல்லாத நிலையைக் காட்டிலும் கேடு பெரிதாகும். கணக்கு சரியாக இருக்கிறதென்று எல்லோரும் நம்பியிருப்பார்கள் அல்லவா? பாதித் தடத்தைப் பேச்சுக்கும் மறுபாதியைப் பிற வேலைகளுக்கும் வைப்பது தகுந்த பங்கீடு எனக் கொண்டால், 256 கிலோபிட்டில் 10 பேச்சுகள் அடங்கும். எனவே எழுத வேண்டிய வரம்பு 1,600 அலகுகள். இதே இடத்தில் குரலைச் சுருக்காமல் வினாடிக்கு 64 கிலோபிட்டாகவே அனுப்பும் ஜி.711 முறையைக் கையாண்டால், உறையுடன் ஒரு பேச்சுக்கு 80 கிலோபிட் ஆகும். மூன்று பேச்சுகளே அடங்கும். குரல் தெளிவாக இருக்கும். பேசுவோர் மூவராகக் குறைவர்.

வகுப்பில் இதை விளக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு விலை உயர்ந்த உபகரணம் எதுவும் வேண்டுவதில்லை. மூன்று மாணவர் தலைக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்கு ஒரு சீட்டாக நான்கு சீட்டுகளில் எழுதட்டும். நடுவில் நிற்கும் மாணவர் ஒரு சுற்றில் பத்துச் சீட்டுகளை மட்டுமே கடத்தலாம். மிஞ்சிய இரண்டைப் பாராமல் எடுத்துக் கீழே போட்டுவிட வேண்டும். சில சுற்றுகளுக்குப் பின் எவருடைய வாக்கியமும் முழுமையாக நிலைத்திராது. பின்னர் நான்காவது மாணவர் ஒருவரை எண்ணுவதற்கு நிறுத்தி, இருவர் அனுப்பிக்கொண்டிருக்கையில் மூன்றாமவரைக் காத்திருக்கச் சொன்னால், இருவர் வாக்கியமும் பழுதின்றிப் போய்ச் சேர்வதைக் காணலாம். காத்திருக்கும் மாணவர் முறையிடுவது நிச்சயம். பாடத்தின் முக்கியப் பகுதி அங்கேதான் இருக்கிறது.

நுழைவாயிலின் பணி

இணையத் தொலைபேசிகள் தமக்குள் பேசிக்கொள்ள நுழைவாயில் தேவையில்லை. கிராமத்து வீடொன்றிலுள்ள சாதாரணத் தொலைபேசியையோ கைபேசியையோ அழைக்க வேண்டுமானால்தான் அது வேண்டும். நம் நாட்டில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நிலையங்களில், ஒரு பாதையின் வண்டி மறு பாதையில் செல்ல இயலாமையால், சரக்கை இறக்கி மாற்றி ஏற்றினர். நுழைவாயில் அத்தகைய நிலையம். அதன் ஒரு புறம் பொதிகள். மறு புறம் பொதுத் தொலைபேசி வலைப்பின்னலின் காலக்கூறுகள்.

இரண்டு வகையான மாற்றங்கள் அங்கு நடைபெறுகின்றன. முதலாவது, சைகைகளின் மாற்றம். இணையப் புறத்தில் "அழைப்பு தொடங்குக", "மணி ஒலிக்கிறது", "எடுத்தாயிற்று" என்று வரும் செய்திகளை மறுபுறத்து இணைப்பகம் அறியும் சைகைமொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, குரலின் மாற்றம். பொதிகள் ஒழுங்கான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. சில முந்தும், சில பிந்தும். காலக்கூறுகளோ கடிகாரம் போன்று ஒழுங்காக நிரப்பப்பட வேண்டும். எனவே நுழைவாயில் வந்த பொதிகளைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, சீரான வேகத்தில் வெளியே விடுகிறது. தேக்கம் சிறிதானால் பிந்திய பொதிகள் பயனற்றுப்போகும். பெரிதானால் பேச்சு தாமதமாகும். இரண்டிற்கும் இடையே அளவறிந்து அமைப்பது அனுபவத்தால் வருவது.

எதிரொலியை அடக்குவதும் நுழைவாயிலின் கடமை. இருகம்பித் தொலைபேசி இணைப்பு நாற்கம்பி வழியுடன் சேரும் இடத்தில், வந்த குரலில் ஒரு பங்கு திரும்பிச் செல்வது இயல்பு. திரும்பும் நேரம் மிகக் குறைவானால், பேசுபவர் தம் சொந்தக் குரலோடு கலந்துவிட்ட அதை உணரார். இணையத்தில் தாமதம் கூடுவதால், அதே எதிரொலி தனித்து ஒலித்து, பேசவொட்டாமல் செய்யும்.

ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்பும் அலைக்கு இதற்கு மேற்பட்ட காலம், ஏறக்குறைய கால் வினாடி, ஆகிவிடும். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் ஒன்றாகத் தொடங்கும் அனுபவம் இதனால் ஏற்படுவதே. வாயிற்காவலரின் எந்த அனுமதியும் இதை மாற்ற வல்லதன்று. தீவுகளுக்குக் கேபிள் வந்தபின் நிலைமை மாறியது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழையின் முழுத் தொலைவையும் கடக்க ஒளிக்குச் சுமார் 12 மில்லிவினாடிகளே ஆகும்.

நுழைவாயிலும் வாயிற்காவலரிடம் பதிவு செய்துகொள்ளும் ஓர் உறுப்பினரே. தன்னுடைய காலக்கூறுகள் தீரும் நிலையை அது அவருக்கு முன்னரே அறிவிக்க முடியும். உடனே அவர் அடுத்த அழைப்புகளை வேறொரு நுழைவாயிலுக்குத் திருப்புவார். ஒரே தடம் மட்டும் உடைய நுழைவாயிலில் முப்பது பேருக்கே இடம். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட அந்த இயற்கை வரம்பு இங்கே மறுபடியும் வந்துவிடுகிறது.

பழுதைப் பகுத்தறிதல்

வெளியூர்ப் பணியாளர்கள் தலைமை அலுவலகத்திற்குப் பழுதை அறிவிக்கும்போது "போன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. அலுவலகத்திற்குள் ஒருவரையொருவர் அழைக்க முடிந்து, வெளி இலக்கங்கள் மட்டும் கிடைக்காவிடில், பழுது பெரும்பாலும் நுழைவாயிலிலோ அதனுடன் இணைந்த பொதுத் தடத்திலோ இருக்கும். நடந்துகொண்டிருக்கும் பேச்சுகள் தொடர்ந்தும், புதிதாக எவரும் எவரையும் அழைக்க முடியாவிடில், வாயிற்காவலரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். குரல் அவர் வழியாகச் செல்லாமையால், அவர் மறைந்தபின்னும் பழைய பேச்சு நின்றுவிடுவதில்லை. சில அமைப்புகளில் கணக்கு வைக்கும் வசதிக்காக அழைப்புச் சைகைகள் அனைத்தும் வாயிற்காவலர் வழியாகவே செலுத்தப்படுகின்றன. அங்கு அவர் மறைவால் நடக்கும் பேச்சுகளும் துண்டிக்கப்படக் கூடும். மாற்று வாயிற்காவலர் ஒருவரை முன்கூட்டியே குறித்துவைக்க எச்.323 முறையில் இடமுண்டு. அதை அமைக்காமல் விடுவது சிக்கனம் ஆகாது. அழைப்பு உடனுக்குடன் மறுக்கப்பட்டு, சில நிமிஷங்களுக்குப் பின் கிடைக்குமாயின், அது பழுதே அன்று. காவலர் தம் வேலையைச் செய்கிறார்.

இன்றைய நிலை

எச்.323 இன்று புதிதாக அமைக்கப்படுவது அரிது. காணொலிக் கூட்ட அறைகளிலும் பழைய அமைப்புகளிலுமே அது பெரும்பாலும் எஞ்சியுள்ளது. 1999-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்டு 2002-இல் திருத்தியமைக்கப்பட்ட எஸ்.ஐ.பி. என்னும் எளிய முறை அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. அங்கு வாயிற்காவலர் என்ற பெயர் இல்லை. பதிவு ஏட்டை வைத்திருப்பவர் ஒருவர், அழைப்பை வழிகாட்டுபவர் ஒருவர் என்று வேலை பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. நுழைவாயில் பெயர் மாறாமலே இருக்கிறது. நான்காம் தலைமுறைக் கைபேசி வலைப்பின்னல்களில் குரலும் இம்முறையைத் தழுவிப் பொதிகளாகவே செல்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ வலைப்பின்னல் முழுவதும் இவ்வகையினதே. ஆதலால் தம்மை இணையத் தொலைபேசி உபயோகிப்பவராகக் கருதாத கோடிக்கணக்கான மக்களும் அதையே உபயோகித்து வருகின்றனர்.

நுழைவாயிலை எவரும் தம் விருப்பப்படி அமைத்துவிட முடியாது. இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அனுமதிக்கப்பட்டபோது, இணைய சேவை நிறுவனங்கள் நாட்டிற்குள் அதைப் பொதுத் தொலைபேசியுடன் இணைப்பது அனுமதிக்கப்படவில்லை. தொலைபேசிச் சேவைக்கு உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதை வழங்கலாம் என்பது 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெளிவாக்கப்பட்டது. உரிமமின்றி வெளிநாட்டு அழைப்புகளைப் பொதிகளாகப் பெற்று, உள்நாட்டு சிம் அட்டைகள் வழியாக வெளியே விடும் கள்ள நுழைவாயில்கள் அவ்வப்போது பிடிபடுகின்றன. இவற்றின் வழியாக வரும் அழைப்பில் வெளிநாட்டு இலக்கத்திற்குப் பதிலாக இந்திய இலக்கமே தோன்றும். அரசுக்கு வருமான இழப்பு ஒருபுறம் இருக்க, அழைத்தவர் யார் என்பதே மறைந்துவிடுகிறது. இத்தகைய அழைப்பு வந்தால், தொலைத்தொடர்பு இலாகாவின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அறிவிக்கலாம்.

நேர்மையாக அமைக்கப்பட்ட நுழைவாயிலிலும் இதே குறை வேறு வகையில் தோன்றும். அது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய தொலைபேசியில் கம்பி எந்தக் கட்டடத்திற்குச் செல்கிறது என்பது இணைப்பகத்திற்குத் தெரியும். இணையத் தொலைபேசியில் பொது வலைப்பின்னலுக்குத் தெரிவது நுழைவாயில் இருக்கும் இடம் மட்டுமே. கார் நிக்கோபார் கிளையின் வெளியழைப்புகள் அனைத்தும் போர்ட் பிளேரிலுள்ள நுழைவாயில் வழியாகச் செல்லுமாறு அமைத்திருந்தால், கிளையில் பாம்பு தீண்டிய ஒருவருக்காக 112 என்னும் அவசர இலக்கத்தை அழைக்கும்போது, அழைப்பு போர்ட் பிளேரிலிருந்து வந்ததாகவே தோன்றும். இரு இடங்களுக்கும் இடையே கடல் இருக்கிறது. அழைப்பவர் தாம் இருக்கும் ஊரை முதல் வாக்கியத்திலேயே சொல்லப் பழகுவது ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு கிளையிலும் சாதாரண இணைப்பு ஒன்றை உள்ளூர் நுழைவாயிலுடன் வைத்து, 112-க்கான அழைப்பை மட்டும் அதன் வழியே அனுப்புமாறு வாயிற்காவலரிடம் எழுதிவைப்பது அதைவிடச் சிறந்தது. கொள்ளளவு தீர்ந்த வேளையிலும் அவ்வழைப்பு மறுக்கப்படாது; தொலைவழித் தடம் அதற்குத் தேவையே இல்லை.

மின்சாரத்தையும் கருத வேண்டும். பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்தின் 48 வோல்ட் மின்கலத்திலிருந்தே மின்சாரம் கம்பி வழியாக வந்தது. ஊர் இருளில் மூழ்கினாலும் அது பேசியது. இணையத் தொலைபேசிக்கும், அதை இணைக்கும் ரௌட்டருக்கும், வாயிற்காவலர் இயங்கும் கணினிக்கும், நுழைவாயிலுக்கும் அந்தந்த இடத்து மின்சாரமே ஆதாரம். இந்நான்கில் ஒன்றுக்கு மட்டும் மின்கலம் இல்லாவிடில், மற்ற மூன்றின் மின்கலங்களும் வீணே. ஆகவே மழைக்காலத்திற்கு முன் ஒரு நாள், அலுவலகத்தின் பிரதான மின்விசையை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளி இலக்கம் ஒன்றை அழைத்துப் பார்ப்பது கிளைப் பொறுப்பாளர்கள் செய்யவேண்டிய சோதனையாகும்.